மியூசியப் பெட்டியில் ஒரு காணிக்கை

கிரேக்க நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் மனநிலையிலும் அவள் இல்லை. விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மேகங்களைப் பார்த்தபோது கூட, மகள் நந்தினியிடமிருந்து வரப்போகும் அந்த ஒரு போன் மட்டுமே அவள் நினைவில் இருந்தது.

அவளுடைய கணவர் சடையப்பன், மணவாள நகரில் கம்பியும் சிமெண்டும் விற்கும் கடை வைத்திருக்கிறார். சொந்த அத்தை மகன். கல்யாணமான புதிதில் இருவரும் கிராமத்து நிலத்தில் நெல்தான் பயிரிட்டார்கள். பிறகு நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ரோட்டோரத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கடையைத் தொடங்கினார் அவர். லாரி வந்து நின்றால் இறக்குகிற ஆட்களைத் திட்டி வேலை வாங்குவது ஜோதிலட்சுமி. கட்டிடம் கட்டுகிறவர்கள் பாக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போனால் வீட்டு வாசலில் போய் நிற்பதும் அவள்தான். காய்ச்சலோ தலைவலியோ எது வந்தாலும் வெளியே சொல்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடையைத் திறந்துவிடுவாள். அப்படியே இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஓடிப்போயின.

கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு கம்பிக் கம்பெனி, நிறைய சரக்கு விற்கும் கடைக்காரர்களை வருஷா வருஷம் மனைவியோடு வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும். துபாய் போனபோதும் சடையப்பனுக்கு வாய்ப்பில்லை, பேங்காக் போனபோதும் இல்லை. இந்த வருஷம் கிரேக்கம். இந்த வருஷம் அவர் பெயர் வந்துவிட்டது. அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்த விதத்தை ஜோதிலட்சுமி மறக்கமாட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரை வந்து, அவள் கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னார். மறுநாளே கோட்டு தைக்கக் கொடுத்தார். காய்கறிக் கடைக்காரர், டீக்கடைக்காரர், போட்டிக் கடைக்காரர், எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

பயணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, குளித்துக்கொண்டிருந்தவளின் கையில் அது தட்டுப்பட்டது. இடது மார்பில், புளியங்கொட்டை அளவுக்கு, அழுத்தினால் நகராத ஒரு கட்டி.

குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

நந்தினியிடம் மட்டும் சொன்னாள். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கும் நந்தினி, லீவு போட்டுவிட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், ஊசியால் துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எதுவும் இப்போது சொல்ல முடியாது என்றார். ரிசல்ட் வருவதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நந்தினி மன்றாடினாள்.

"உங்க நைனா மூஞ்சிய பாத்தியாடி? சின்னப் புள்ள மாதிரி ஆடிகினு கீறாரு. சொன்னா அந்த நிமிஷமே வேணாம்னு டிக்கெட்ட கிழிச்சிப் போட்டுருவாரு. போய்ட்டு வரட்டும். அப்பறம் எது வந்தாலும் வரட்டும்" என்று ஜோதிலட்சுமி முடித்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் கணவனும் மனைவியும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போனார்கள். வைத்திய வீரராகவர் என்றுதான் ஊரில் பெயர். நோய் தீர வேண்டுமென்று அமாவாசைக்கு முந்தின நாளே வந்து கோயிலில் படுத்துக்கிடப்பவர்கள் எத்தனையோ பேர். வாசலில் இருக்கும் கடைகளில் வெள்ளித் தகட்டில் அடித்த உறுப்புகள் விற்பார்கள். கண்ணில் கோளாறு என்றால் கண், மூட்டு வலி என்றால் கால், வயிற்று நோய் என்றால் வயிறு. நோயுள்ள இடத்தில் தகட்டை ஒற்றி, வேண்டிக்கொண்டு, உண்டியலில் போட வேண்டும். சடையப்பன் தேங்காய் வாங்கப் போன நேரத்தில் ஜோதிலட்சுமி ஒரு கடை முன் நின்றாள். எது வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். கடைக்கார அஞ்சம்மாள் அவள் கையையும் முகத்தையும் பார்த்தாள். தட்டில் பரப்பியிருந்ததை விட்டுவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எத்தனை பெண்கள் அவள் முன் அப்படி ஊமையாக நின்றிருக்கிறார்களோ!

ஆனால் உண்டியல் வரை போயும் அதைப் போட முடியவில்லை. சடையப்பன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். வழியில் அகப்பட்ட சொந்தக்காரரிடம் ஏதென்ஸ் பற்றி அளந்துகொண்டிருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பையின் உள்ளறையில் தகட்டோடு வெளியே வந்து நின்றபோது ஜோதிலட்சுமிக்கு அழுகை முட்டியது. பெருமாளே, உன் வாசல் வரை வந்தும் கொடுக்காமல் போகிறேனே!

அந்தத் தகடு அவளோடு கிரேக்க நாட்டுக்குப் போனது.

கம்பிக் கடைக்காரர்களின் சுற்றுலா எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் தயிர்சாதப் பொட்டலமும் எலுமிச்சை ஊறுகாயும் மணக்கும். செவ்வாப்பேட்டையில் கடை வைத்திருக்கும் பரத் என்ற இளைஞன், எந்தத் தூணைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்து எத்தனை அடி என்று அளப்பான். சென்னையிலிருந்து கூட வந்த சுற்றுலா அமைப்பாளப் பெண் ஷைனி, உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லச் சொல்லத் தொண்டை வறண்டு போவாள். துணியில்லாத ஆண் சிலைகள் வந்தால் பெண்கள் கூட்டம் வெட்கப்பட்டு அடுத்த அறைக்கு ஓடும். அங்கே இன்னும் பெரிதாக இரண்டு நிற்கும்.

ஜோதிலட்சுமியும் எல்லோரோடும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் பார்த்ததெல்லாம் வேறு. கை இல்லாத பெண். தலை இல்லாத பெண். பளிங்கில் செதுக்கிய முழு உடம்பில் மார்பு மட்டும் பெயர்ந்து, உள்ளே வெறும் கல் தெரிய நின்ற பெண். மற்றவர்கள் அழகு என்று படம் எடுப்பார்கள். அவளுக்கோ, தனக்கு எழுதிவைத்த தீர்ப்பை ஊர் ஊராக வந்து படிக்கிறோமே என்று தோன்றும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்றாம் நாள், கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். இடிந்த கோயில் ஒன்றின் அடித்தளம். பக்கத்தில் அங்கே தோண்டி எடுத்த பொருட்களுக்கு ஒரு மியூசியம். ஆண்கள் வெயிலில் கற்களுக்கு நடுவே சுற்ற, ஜோதிலட்சுமி ஷைனியோடு உள்ளே போனாள். ஓர் அறையின் வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் சுட்ட மண்ணில் செய்த கைகள். கால்கள். காதுகள். கண்கள். ஒரு தட்டு நிறைய விரல்கள். அப்புறம் வரிசையாக, நிஜ அளவில், பெண்களின் மார்புகள்.

இது வைத்தியக் கடவுளின் கோயில் என்று ஷைனி விளக்கினாள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் நோயாளிகள் வந்து ராத்திரி கோயிலில் படுத்துத் தூங்குவார்களாம். கனவில் கடவுள் வந்து வைத்தியம் சொல்வாராம். எந்த உறுப்பு குணமானதோ அதை மண்ணில் செய்து காணிக்கை வைப்பார்களாம். சொல்லிவிட்டு ஷைனி அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஜோதிலட்சுமிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரி படுக்கிறார்கள், உறுப்பைச் செய்து போடுகிறார்கள். இது திருவள்ளூர் அல்லாமல் வேறென்ன? வேறு பாஷை பேசிய யாரோ ஒரு பெண், தன்னைப் போலவே குளிக்கும்போது கை வைத்துப் பார்த்திருக்கிறாள். தன்னைப் போலவே யாரிடமும் சொல்லாமல் வந்து இந்த மண் மார்பைப் பெருமாளிடம் வைத்திருக்கிறாள். அவள் பிழைத்தாளா? பிழைத்ததால்தானே வைத்தாள்! நாள் கணக்கில் அடைத்துக் கிடந்த மூச்சு அவள் நெஞ்சிலிருந்து விம்மிக்கொண்டு வெளியே வந்தது.

அந்த அறையின் ஓரத்தில், இடுப்பு உயரத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே நீளமான துளை. உள்ளே மடித்து மடித்துப் போட்ட காகிதங்கள். வேண்டுதலை எழுதிப் போடுகிறார்கள் போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். உறுப்புகள் இருக்கிற இடத்தில் உண்டியல் இருக்கும்; அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் வழக்கம். தகட்டை எடுத்துத் தலைப்புக்குள் ஒற்றிக்கொண்டாள். கண்களை மூடி வீரராகவரைக் கூப்பிட்டாள். துளைக்குள் விட்டாள்.

அது பார்வையாளர்கள் மியூசியத்தைப் பற்றிக் கருத்தெழுதிப் போடும் பெட்டி.

வெள்ளி ஏதோ பளிச்சென்று விழுவதை வாசலில் நின்ற இளம் காவலன் பார்த்துவிட்டான். ஓடிவந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். காட்சிப்பெட்டியில் இருக்கிற மாதிரியே ஓர் உறுப்பு! எங்கோ தோண்டி எடுத்ததையோ திருடியதையோ பயந்து போய் உள்ளே போட்டுவிட்டாள் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு வாக்கிடாக்கியில் பேசினான். பெட்டியின் சாவி மேலதிகாரி அம்மாளிடம் இருக்கிறதாம். அவர் வரும் வரை யாரும் நகரக் கூடாதாம்.

ஷைனி முகம் வெளுத்து ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே சடையப்பனும் பரத்தும். விஷயம் காதில் விழுந்ததும் சடையப்பன் காவலனிடம் தமிழிலேயே பாய்ந்தார். தன் பெண்டாட்டி பிறத்தியார் பொருளைத் தொடுகிறவள் இல்லை என்றும், திருவள்ளூர் வந்து எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். காவலன் புரியாமல் தலையாட்டினான். இங்கே பழம்பொருள் விஷயத்தில் சட்டம் ரொம்பக் கடுமை, போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று ஷைனி மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, உள்ள போட்டது என்னன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்க. நான் பேசிக்கறேன்."

ஜோதிலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். பரத் நிற்கிறான். முன்பின் தெரியாத ஆண்கள் நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அவர் நிற்கிறார். இத்தனை நாள் இத்தனை சிரிப்புக்கு அடியில் அவள் புதைத்து வைத்ததை இந்த வெளிச்சத்தில் எடுத்துப் போட வேண்டுமா?

"ஜோதி, இன்னா அது? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்றார் சடையப்பன். அவர் குரலில் கோபம் போய் பயம் வந்திருந்தது. அந்தப் பயம்தான் அவளை உடைத்தது.

"திருடல மாமா. அது எனக்குன்னு நம்ம கோயில்ல வாங்கனது. இங்க ஒரு கட்டி கீது மாமா. சதைய எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிக்கிறாங்க. இன்னும் சொல்லல."

பரத் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான். சடையப்பன் அவளையே பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து, அங்கே கிடந்த பளிங்குத் தூணின் துண்டு ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அதன் மேல் உட்காரக் கூடாது. எழுப்புவதற்காக வந்த காவலன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு திரும்பிப் போனான்.

மேலதிகாரி அம்மாள் சாவிக் கொத்தோடு வந்தார். நரைத்த தலை, கனத்த உடம்பு, கறாரான முகம். பெட்டியைத் திறந்து காகிதங்களைக் கிளறித் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பார்த்தார். ஜோதிலட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கறாரான முகம் அப்படியே இளகிப்போனது. தன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு காவலனிடம் ஏதோ கடிந்து சொன்னார்.

அவர் சொன்னதை ஷைனி தமிழில் சொன்னாள். இது பழம்பொருளே இல்லை என்கிறாராம். இந்த ஊர் சர்ச்சுகளில் இன்றைக்கும் மாதா படத்துக்கு முன்னால் இதே மாதிரி வெள்ளித் தகடுகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்களாம். கண், கால், கைக்குழந்தை எல்லாம் உண்டாம். அவருடைய தங்கைக்காக இதே உறுப்பை அவரே கட்டியிருக்கிறாராம். இந்தப் பையனைச் சின்ன வயசில் யாரும் சர்ச்சுக்குக் கூட்டிப்போகவில்லை போலிருக்கிறது என்றும் சொல்கிறாராம்.

ஜோதிலட்சுமி தயங்கித் தயங்கி, தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கச் சொன்னாள். அந்த அம்மாள் பதிலுக்குக் கைகளை அகல விரித்து இடுப்புச் சுற்றளவைக் காட்டினார். நன்றாகத் தின்று, நன்றாகப் பருத்து, இவரோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறாளாம். அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த அழுகையிலேயே சிரிப்பு வந்தது.

தகட்டைத் தங்கள் மாதாவிடமே கட்டிவிடட்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். பெருமாளுக்கென்று வாங்கியதை வேறு இடத்தில் கொடுக்கலாமா? ஜோதிலட்சுமி கணவரைப் பார்த்தாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"குடுத்துடு ஜோதி. எந்தச் சாமிக்கு மொதல்ல காது கேக்குதோ கேக்கட்டும்."

தெருக்கோடியில் இருந்த சின்ன சர்ச்சில், மாதாவின் படத்துக்குக் கீழே, முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில், திருவள்ளூர்த் தகடு சிவப்பு நூலில் தொங்கியது.

அன்று பஸ்ஸில் சடையப்பன் அவள் கையை விடவே இல்லை. ஊரில் தெருவில் நடக்கும்போது நாலடி முன்னால் போகிற மனிதர்! ஏன் மறைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உடனே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார். மறுநாளே ரிசல்ட் வந்துவிடும், விமானத்தில் இருந்தால் போன்கூட எடுக்க முடியாது என்று அவள்தான் அவரைச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?" என்றாள்.

"நீ இல்லாத ஊட்ல நான் எந்த ஊரப் பாத்து இன்னாத்துக்கு?" என்றார் அவர்.

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டு அறையில், ரொட்டியும் பழமும் வைத்த தட்டுகளுக்கு முன்னால் இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. திரையில் நந்தினி. ஜோதிலட்சுமியால் கையை நீட்ட முடியவில்லை. சடையப்பன் எடுத்தார். காதில் வைத்தார். கேட்டார். தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். அவர் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. உதடுகள் கோணின.

முடிந்தது என்று நினைத்தாள் ஜோதிலட்சுமி. அவ்வளவுதான். நந்தினிக்கு ஒரு கல்யாணம் பார்க்காமல் போகப்போகிறேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மார்பு பெயர்ந்த அந்தப் பளிங்குப் பெண் கண் முன்னால் வந்து நின்றாள்.

போனுக்குள்ளிருந்து நந்தினியின் குரல் பக்கத்து மேஜை வரை கேட்டது. "நைனா, நீ தலைய ஆட்டிகினு இருந்தா எனக்கு எப்டி தெரியும்? பேஜாரு பண்ணாத, அம்மாகிட்ட குடு."

சடையப்பன் போனை அவள் காதில் வைத்தார்.

"ம்மா, கேக்குதா? கெட்டது ஒண்ணும் இல்லம்மா. சும்மா கட்டிதான். டாக்டரம்மாவே போன் பண்ணி சொன்னாங்க. ஆறு மாசம் கழிச்சி ஒருக்கா ஸ்கேன் பாத்தா போதுமாம். ம்மா, இருக்கியா?"

இருந்தாள். இருக்கிறாள்! அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் காத்துக்கிடந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் ஓவென்று அழுதுவிட்டாள். ஓட்டல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் அவர் அழ, அந்தப் பக்கம் இவள் அழ, என்னமோ ஏதோ என்று ஓடிவந்த ஷைனிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பரத் ஒரு தட்டு நிறைய ரொட்டியைக் கொண்டுவந்து ஜோதிலட்சுமியின் முன்னால் வைத்தான். "மொதல்ல நாஷ்டா சாப்டுக்கா. மல ஏறணும் இன்னிக்கி."

அவள் அத்தனையையும் சாப்பிட்டாள். சென்னையில் விமானம் ஏறிய பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டது அப்போதுதான்.

அன்று ஏதென்ஸ் நகரத்தின் நடுவில் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏறினார்கள். எல்லோருக்கும் முன்னால் போனவள் ஜோதிலட்சுமி. சடையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். மேலே, வானத்தை முட்டுகிற தூண்களுக்கு முன்னால் நின்று, இது யார் கட்டியது, எதற்கு இடிந்தது, கூரை எங்கே என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு ஷைனியைத் திணறடித்தாள். அந்தக் காலத்தில் கல்லோடு கல்லைச் சேர்க்க உள்ளே இரும்பு வைத்தார்கள் என்றும், துரு ஏறாமல் இருக்க அதைச் சுற்றி ஈயம் ஊற்றினார்கள் என்றும் ஷைனி சொன்னாள். பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் ஈயம் இல்லாமல் வெறும் இரும்பை வைக்க, அது துருவேறிப் பருத்துப் பளிங்கையே வெடிக்க வைத்துவிட்டதாம். கம்பிக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"இத நம்ம கம்பெனிக்காரங்க காதுல போட்டுறாதீங்கண்ணா. அடுத்த வருஷம் ஈயம் ஊத்துன கம்பின்னு ரேட்ட ஏத்திடுவாங்க" என்றான் பரத்.

ஒரு பக்கத்தில் சின்னக் கோயில் ஒன்று. அதன் முகப்புக் கூரையைத் தலையில் தாங்கிக்கொண்டு, தூண்களுக்குப் பதிலாகக் கல்பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்கும் கை இல்லை. ஜோதிலட்சுமி இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிட்டே போய், கயிறு கட்டியிருந்த இடம் வரை போய், ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தாள். பின்னலை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள்! பின்பக்கம் எப்படி இருக்கும்?

நிழலில் உட்கார்ந்துவிட்ட சடையப்பன், கால் நோவுகிறது, போதும் என்று கெஞ்சினார்.

"நீங்க குந்துங்க மாமா" என்றாள் அவள். "நேத்து வரைக்கும் நான் ஒண்ணையும் பாக்கல. இனிமேதான் பாக்கணும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அந்தப் பெண்களைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள்.